சாலைத் தெருவில் ஒரு கோடை

திருவனந்தபுரத்தின் வலியசாலையில் விடியற்காலையில் முதலில் கேட்பது கோயில் மணியோசை. அடுத்துக் கேட்பது சுமைவண்டிகளின் ஓசை. காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டிய அக்கிரகாரத் தெருக்களில் வாசல் தெளித்துக் கோலமிடும் நேரத்திலேயே, சற்றுத் தொலைவில் சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டைகளும் வாழைத்தார்களும் இறங்கத் தொடங்கிவிடும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய கடைத்தெரு அது. அங்கே விலை பேசுவோர் ஒரு பேச்சைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பர். அதனை எவரும் வியப்பாகக் கருதுவதில்லை.

அத்தெருவில் இரும்புச் சாமான் கடையொன்றில் கணக்கெழுதுபவருக்கு ஒரு மகள் இருந்தாள். எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தாள். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் மலையாளமும் இந்தியும். ஓராண்டுக்கு முன்புதான் விருப்ப மொழியாகத் தமிழை எடுத்திருந்தாள். எழுத்துகள் அனைத்தும் தெரியும்; சொற்களும் தெரியும். ஆயினும் அச்சிட்ட தமிழைக் கண்டால் அவளுடைய வாய் தயங்கும்.

அந்தத் தயக்கம் தை மாதத்தில் தென்காசியில் நடந்த ஒரு திருமணத்தில் வெளிப்பட்டது. மணமக்களுக்கு நண்பர்கள் அச்சிட்டு வழங்கிய வாழ்த்துமடலை யாரேனும் உரக்க வாசிக்க வேண்டும் என்றார்கள். "என் பேத்தி வாசிப்பாள்" என்று ஆச்சி பெருமையுடன் அவளை முன்னே நிறுத்தினார். முதல் வரி எப்படியோ கடந்தது. இரண்டாம் வரியில் ஒரு நீண்ட சொல்லில் அவள் நின்றுவிட்டாள். சென்னையிலிருந்து வந்திருந்த அத்தை மகள், அவளைவிட இரண்டு வயது இளையவள், மடலை வாங்கித் தடையின்றி வாசித்து முடித்தாள். சிலர் சிரித்தனர், கடிந்துகொண்டவர் எவருமில்லை. ஆச்சி மட்டும், "பரவாயில்லை மக்களே" என்றார். சிரிப்பை மறப்பது எளிதாக இருந்தது. அந்தப் 'பரவாயில்லை'யை மறப்பதுதான் கடினமாக இருந்தது.

கோடை விடுமுறை தொடங்கும் நாளில் ஆங்கில ஆசிரியை வகுப்பில் ஒரு செய்தி சொன்னார். பிரித்தானிய நாட்டின் பொது நூலகங்களில் 1999ஆம் ஆண்டு முதல் சிறுவர்களுக்கான கோடைக்கால வாசிப்பு அறைகூவல் ஒன்று நடைபெறுகிறதாம். விடுமுறைக்குள் ஆறு நூல்களைப் படித்து முடிக்க வேண்டும் என்பதே அதன் எளிய விதி. அதுபோல ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஓர் இலக்கு வகுத்துக்கொள்ளலாம் என்றார் ஆசிரியை. தோழியர் பத்து, பன்னிரண்டு என்று ஆங்கில நூல்களின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டனர். அவளும் ஒரு தாளில் 'பத்து நூல்கள்' என்று எழுதினாள். அதற்கு முன்னால் 'தமிழில்' என்ற சொல்லைச் சேர்த்து, ஒருவருக்கும் காட்டாமல் மடித்து வைத்தாள்.

நூல்கள் கிடைப்பதில் தடை எதுவும் இருக்கவில்லை. பாளையத்தில் உள்ள மாநில மைய நூலகம் 1829ஆம் ஆண்டில், சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் தோன்றியது. இந்தியாவின் பழமையான பொது நூலகங்களுள் ஒன்று. அங்கே மலையாள, ஆங்கில நூல்களோடு தமிழ் நூல்களும் உண்டு. தந்தை அங்கே உறுப்பினர். முதல் மாலையிலேயே அவள் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். சென்னை அத்தை மகள் ஐந்து பாகங்களையும் படித்துவிட்டதாகத் திருமண வீட்டில் சொல்லியிருந்தாள். தேர்வுக்குக் காரணம் அதுவன்றி வேறில்லை.

ஒரு பக்கம் படிக்க 14 நிமிடம் ஆயிற்று. ஒன்பது நாட்களில் 31 பக்கங்களே கடந்தன. பத்து நூல்கள் என்னும் இலக்குக்கும் இந்த வேகத்துக்கும் இடையிலுள்ள தொலைவைக் கணக்கிடப் பெரிய கணித அறிவு தேவையில்லை. பத்தாம் நாள் அவள் நூலகத்துக்குச் செல்லும் பேருந்தின் சீட்டைப் பக்கத்தில் அடையாளமாக வைத்து, நூலை மூடி, அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒரு நூலைப் பாதியில் விடுவது பிழையன்று. பிறர் படித்துவிட்டார்கள் என்பதற்காக ஒரு நூலைத் தொடங்குவதுதான் சற்றுப் பிழையானது.

அவளுடைய தடை எங்கே இருந்தது என்பதைத் தந்தைதான் கண்டறிந்தார். ஒருநாள் இரவு அவளை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மலையாளத்தில் எழுத்தைப் பார்த்த உடனே ஒலி தெரிந்துவிடுகிறது. 'பயம்' என்பதற்கும் 'பயறு' என்பதற்கும் அங்கே முதலெழுத்து வேறு வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப'தான். எனவே சொல் முன்பே காதில் இருந்தால்தான் வாய் சரியாக ஒலிக்கும். மலையாள எழுத்துக்குப் பழகிய கண், தமிழ் எழுத்தும் தானே ஒலி சொல்லும் என்று காத்து நிற்கிறது. அது சொல்லாதபோது திகைக்கிறது.

மற்றொரு தடையும் இருந்தது. நூல் எழுதும் தமிழ் வேறு, வீடு பேசும் தமிழ் வேறு. 'ஆயிற்று' என்று அச்சில் கண்டால் அவளுக்கு அது அயல்மொழிச் சொல்லாகத் தோன்றியது. "ஆச்சி ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'ஆச்சு, ஆச்சு' என்கிறாள்? அந்த ஆச்சுதான் இது" என்றார் தந்தை. 'போயிற்று' என்பது 'போச்சு'. 'வந்துவிட்டது' என்பது 'வந்துட்டு'. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு வந்தது. தெரியாதவை என்று அவள் அஞ்சிய சொற்களில் பாதி, நாள்தோறும் வீட்டுக்குள் நடமாடுபவையாக இருந்தன. நூலில் வரும்போது அவை வெளுத்து மடித்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தன. அதனால் அடையாளம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் கண்ணால் மட்டும் படிப்பதை விட்டாள். மாடிப்படியில் அமர்ந்து உரக்கப் படித்தாள். எதிர்வீட்டார் முதலில் திரும்பிப் பார்த்தனர், பிறகு பழகிவிட்டனர்.

எதைப் படிப்பது என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. "நம் தெருக்காரர் ஒருவர் எழுதியதைப் படி" என்று சொல்லித் தந்தை ஆ. மாதவனைப் பற்றிக் கூறினார்.

ஆ. மாதவன் 1934ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர். பள்ளியில் அவர் கற்றது மலையாளம். தமிழை அவர் இதழ்களையும் நூல்களையும் தாமாகவே தேடிப் படித்துக் கற்றார். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்துப் பல ஆண்டுகள் வணிகம் செய்தார். கடையில் அமர்ந்தபடியே தெருவைப் பார்த்தார்; சுமைதூக்குவோர், சிறுவணிகர், வேலையற்றுத் திரிவோர், ஒருவரும் பெயர் கேட்காத மனிதர் எனத் தாம் கண்டவர்களை எழுதினார். 'கடைத்தெருக் கதைகள்' என்றே அவருடைய ஒரு தொகுப்புக்குப் பெயர். 'புனலும் மணலும்', 'கிருஷ்ணப் பருந்து', 'தூவானம்' ஆகியவை அவருடைய புதினங்கள். பி. கே. பாலகிருஷ்ணனின் மலையாளப் புதினத்தை 'இனி நான் உறங்கட்டும்' என்று தமிழில் பெயர்த்தவரும் அவரே. விஷ்ணுபுரம் விருது 2010ஆம் ஆண்டில் முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. 'இலக்கியச் சுவடுகள்' என்னும் நூலுக்காக 2015ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். 2021 ஜனவரியில் மறைந்தார்.

விருதுகளைப் பற்றிய பகுதி அவளை அவ்வளவாகத் தொடவில்லை. மலையாளப் பள்ளியில் படித்த ஒருவர் தாமே படித்துத் தமிழ் கற்றார் என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டாள். "வாத்தியார் ஒருவருமா இல்லை?" என்றாள். "படித்த இதழ்தான் வாத்தியார்" என்றார் தந்தை.

மாதவனின் கதைகள் பெரியவர்களுக்கு எழுதப்பட்டவை. வாழ்க்கையின் கடுமையை மறைக்காதவை. ஆதலால் தந்தை தாமே சிலவற்றைத் தேர்ந்து கொடுத்தார். முதலாவது 'பாச்சி'. இறந்துபோன ஒரு நாயையும், அதனைத் துணையாகக் கொண்டிருந்த எளிய மனிதன் ஒருவனையும் பற்றிய சிறுகதை அது. மூன்று மாலைகளில் முடித்தாள். இரண்டாம் மாலையில் நேரம் பார்க்க மறந்துபோனாள்.

வேகம் கூடியதற்குக் காரணம் பயிற்சி மட்டுமன்று. அக்கதை மாந்தர் பேசியது அவள் தெருவில் கேட்கும் பேச்சு. தமிழும் மலையாளமும் ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு நடக்கும் பேச்சு அது. பாடநூல்களில் அத்தகைய தமிழை அவள் கண்டதில்லை; அது தமிழே அன்று என்றும், தன் நாக்கின் குறை என்றும் அதுவரை எண்ணியிருந்தாள். இப்போதோ அது அச்சில், நூலகத்தின் அடுக்கில் இருந்தது.

அவ்வாரம் சென்னை அத்தை மகள் தொலைபேசியில் பேசியபோது, அவள் ஒரு பத்தியை வாசித்துக் காட்டினாள். மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பின்பு, "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று கேட்டாள் அவள். அடுத்த வரியிலும் கேட்டாள். பலாவைச் சக்கை என்றும், மரவள்ளியை மரச்சீனி என்றும் சொல்லி வளர்ந்த வலியசாலைப் பெண்ணுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லும் தடுக்கவில்லை. தென்காசியில் நடந்ததற்கு இது ஈடு என்று அவள் எண்ணியிருந்தால் அது இயல்பே. ஆனால் இருவரும் அன்று அரைமணி நேரம் சொற்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். திருமணப் பேச்சு வரவேயில்லை.

'பத்து நூல்கள்' என்று எழுதிய தாளை எடுத்து அவள் அடித்துவிட்டாள். 'நாள் ஒன்றுக்கு நான்கு பக்கம்' என்று எழுதினாள். காய்ச்சல் வந்த ஆறு நாட்களில் ஒரு பக்கமும் இல்லை, அதையும் குறித்தாள். புதிய சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அவற்றை இதற்கு முன் எங்கே கேட்டோம் என்பதையும் பக்கத்தில் எழுதினாள்: 'ஆச்சி', 'கடைத்தெரு', 'கோயில் திருவிழா', 'எங்கும் கேட்டதில்லை'. கடைசி வகை நாளடைவில் குறைந்தது. அதில் அவள் சற்று ஏமாற்றி, கேட்டதாக நினைவில்லாத சிலவற்றையும் ஆச்சி கணக்கில் சேர்த்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு மாலை கோயிலிலிருந்து திரும்பும்போது தந்தை மற்றொரு செய்தியையும் சொன்னார். சாலை என்றால் இன்று வண்டி ஓடும் பாதை. முற்காலத்தில் அது மாணவர்க்கு உணவும் உறைவிடமும் தந்து கல்வி புகட்டிய இடத்துக்கும் பெயராக இருந்தது. கி.பி. 866ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பார்த்திவசேகரபுரத்தில், 95 மாணவர்க்கு ஒரு சாலை அமைத்தான். அதற்குரிய ஒழுங்குகளைக் காந்தளூர்ச் சாலையைப் பின்பற்றி வகுத்ததாக அவனுடைய செப்பேடு கூறுகிறது. அந்தக் காந்தளூர்ச் சாலை இருந்த இடம் வலியசாலையே என்று கருதும் அறிஞர் உண்டு. முதலாம் இராசராசனின் கல்வெட்டுகளிலும் அவ்விடத்தின் பெயர் வருகிறது. "பொன்னியின் செல்வனில் வருகிற அருள்மொழிவர்மர்தானே அந்த இராசராசன்?" என்று அவள் கேட்டாள். தந்தை ஆம் என்றார். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. வீடு வரும்வரை ஏதோ எண்ணிக்கொண்டே நடந்தாள்.

விடுமுறை முடிந்தது. குறிப்பேட்டின் கணக்குப்படி அவள் படித்தவை மொத்தம் 268 பக்கங்கள். முழுமையாக முடித்த நூல் ஒன்றுமில்லை. முடித்த சிறுகதைகள் உண்டு. ஒரு பக்கத்துக்கு ஆகும் நேரம் 14 நிமிடத்திலிருந்து 6 நிமிடமாகக் குறைந்திருந்தது. திருவனந்தபுரத்தையே களமாகக் கொண்ட நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' அடுத்த கோடைக்கென்று ஒதுக்கப்பட்டது.

ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாள். 1945ஆம் ஆண்டில் 47 ஊர் நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூரில் நூலக இயக்கத்தைத் தொடங்கிய பி. என். பணிக்கர் மறைந்த நாள் அது. அதனையொட்டி, விடுமுறையில் படித்தவற்றை வகுப்பில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியிருந்தது. பத்து, எட்டு, பன்னிரண்டு என்று எண்கள் வந்தன. அவளுடைய முறை வந்தபோது, "எண்ணிக்கை இல்லை, ஒரு கதை இருக்கிறது" என்று மலையாளத்தில் சொல்லி, 'பாச்சி'யின் முதல் பக்கத்தைத் தமிழில் வாசித்தாள். ஓரிடத்தில் தடுக்கியது. அவள் நின்றாள், அச்சொல்லை மீண்டும் ஒருமுறை ஒலித்துப் பார்த்தாள், மேலே வாசித்தாள்.

மறுநாள் மாலை நூலகத்துக்குச் சென்று 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை மறுபடியும் எடுத்தாள். 31ஆம் பக்கத்தில், ஏப்ரல் மாதத்தில் அவள் வைத்த பேருந்துச் சீட்டு அப்படியே இருந்தது. அதற்குப் பின் அந்த நூலை எவரும் எடுத்துச் சென்றதாகத் தெரியவில்லை. திரும்பும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது. சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, 32ஆம் பக்கத்தைப் பிறர்க்குக் கேளாத குரலில் படிக்கத் தொடங்கினாள்.