ஆற்றோடு ஒரு நடை... போன் இல்லாமல்!

சிவகாசிக்காரனிடம் ‘ஆறு’ என்று சொல்லிப் பாருங்கள், ‘அஞ்சுக்கு அப்புறம் வருமே, அதுதானே’ என்பான். எங்கள் ஊர் வறட்சி அப்படி. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, அந்த வறட்சியையே முதலாகப் போட்டார்கள். காற்றில் ஈரம் இல்லாத ஊர். தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் அதைவிட என்ன வேண்டும்?

ஆனாலும் எங்களுக்கும் ஒரு ஆறு உண்டு சார். அர்ச்சுனா நதி. இருக்கன்குடியில் அது வைப்பாற்றோடு சேர்கிறது. ஆடி கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைக் கும்பிட இத்தனை வருஷமாகப் போகிறேன், ‘இந்த ஆறு இதுக்கு மேல எங்கே போகுது?’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. பி.காம். படித்தவன், வரவு தெரியும், செலவு தெரியும், ஆறு போகிற இடம் தெரியாது!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துவிடக் கிளம்பினோம். நான்கு பேர், இரண்டு ஸ்கூட்டர். நான், காலண்டர் அச்சகத்தில் ஒருவன், பேங்க் கிளார்க் ஒருவன், பட்டாசு ஆலை போர்மேன் ஒருவன். சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம் தாண்டி, வைப்பாறு கிராமத்துப் பக்கம் வண்டியை நிறுத்தினோம். அங்கேதான் நான் ஒரு சட்டம் போட்டேன்.

“மாப்ளைகளா, இன்னிக்கு எவன் கையிலயும் போன் இருக்கக் கூடாது!”

நாலு போனும் டிக்கிக்குள் போயின. சாவி என் பையில். பெரிய புரட்சி செய்த நினைப்பு எனக்கு.

ஆற்றின் மணலில் கால் புதையப் புதைய நடந்தோம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஆற்றில் தண்ணீர் பேருக்குத்தான். போகப் போகக் கலங்கலாக, அசையாமல் நின்றது. காலண்டர்காரன் ஒரு வாய் அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினான். “உப்புடா!” கடல் வந்துவிட்டது என்று அப்படித்தான் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் மணல் மேடு, அதற்கு அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து இவ்வளவு தூரம் வந்த ஆறு, கடலுக்குப் பத்தடி முன்னால் மணலில் படுத்துக் கிடந்தது. மாசக் கடைசி சம்பளக்காரன் மாதிரி.

லெமன் சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். போர்மேன் மட்டும் சாப்பிடவில்லை. சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

“என்னடா?”

“சட்டை பிசுபிசுங்குது. காத்துல ஈரம்.”

“கடல்னா ஈரம் இருக்கத்தான் செய்யும்.”

“அது இல்லடா. நேத்து சாயங்காலம் நம்ம ஊர்லயும் தூறுச்சே...” என்றவன் எழுந்துவிட்டான். “மிச்ச மருந்தைக் கழிச்சாச்சான்னு கேட்டேன். ஆச்சுன்னாங்க. கையெழுத்துப் போட்டேன். கடைசி ரூமை நான் கண்ணால பார்க்கலை.”

கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், ராத்திரி வைக்கக் கூடாது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் தானாகவே சூடு ஏறும். நெருப்பே வேண்டாம். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம் இது.

“வாட்ச்மேனுக்கு ஒரு போன் போட்டா...” என்று ஆரம்பித்து நிறுத்தினான். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். (நானும் என்னைத்தான் பார்த்தேன்.)

வரும்போது ரெண்டு மணி நேரம் ரசித்து நடந்த மணலில், திரும்பும்போது ஒருத்தனும் பேசவில்லை. பேங்க் கிளார்க்கின் செருப்பு அறுந்தது. தூக்கி எறிந்துவிட்டு, சுடு மணலில் வெறுங்காலோடு ஓடினான். டிக்கியைத் திறக்கும்போது என் கையில் சாவி நிற்கவில்லை.

வாட்ச்மேன் எடுத்தார். “ஒண்ணும் இல்லீங்களே தம்பி. இப்பத்தான் கூட்டலாம்னு அந்தப் பக்கம் கிளம்பினேன்...”

“அண்ணாச்சி, போகாதீங்க! கேட்டுக்கு வெளியே வந்து உக்காருங்க. நான் வர்றேன்.”

முதலாளிக்கும் அடுத்த நிமிஷமே சொன்னான். சிவகாசி வரும்வரை பின்சீட்டில் அவன் முழங்கால் என் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. எங்களை கேட்டிலேயே நிறுத்திவிட்டு, முதலாளியும் அவனும் உள்ளே போனார்கள். வாட்ச்மேன் எங்களுக்கு டீ வாங்கி வந்தார். யாரும் குடிக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தான்.

“இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

அப்படியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். கையை மூன்று தடவை கழுவினான்.

“அந்த லெமன் சாதத்துல மிச்சம் இருக்காடா?” என்றான்.