யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

தேசப்படம் ஒன்றை விரித்து, சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேராக ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். சுமார் 220 மைல், அதாவது 355 கிலோமீட்டர்தான். எழும்பூரில் ரயிலேறித் திருச்சிராப்பள்ளியில் இறங்குகிற தூரத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. அயல்தேசம் என்று பெயர்; தூரமோ நமக்குப் பழகிய தூரந்தான்.

2019 முதல் இவ்வழியில் பறந்துள்ள ஏ.டி.ஆர். 72 விமானங்களுக்கு இது ஏறக்குறைய ஒன்றேகால் மணிப் பிரயாணம். மணிக்கு 500 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடிய விமானத்துக்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்கலாம். ஓடுபாதை வரையில் ஊர்ந்து செல்வது, படிப்படியாக உயரே ஏறுவது, இறங்குமுன் வேகத்தைத் தணிப்பது எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. பாஸ்போர்ட்டைக் காட்டுவதற்கும் பெட்டியைத் திறப்பதற்கும் வரிசையில் நிற்பதைச் சேர்த்தால், ஆகாயத்தில் இருப்பதைவிடத் தரையில் நிற்கும் நேரமே அதிகம். கடிகாரத்தைத் திருப்பும் தொல்லை மட்டும் நமக்கு இல்லை. 1996 முதல் 2006 வரை இலங்கைக் கடிகாரம் நம்முடையதைவிட முந்தி ஓடிற்று. இப்போது இரண்டும் ஒன்றே.

இந்த ஆகாய மார்க்கம் புதியதன்று. பலாலி விமான நிலையம் இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் கொழும்பு இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்கு வந்தது. அந்த டகோட்டாவின் பெயர் சீதாதேவி. இலங்கையிலிருந்து சீதை புஷ்பக விமானத்தில் திரும்பியதை எண்ணித்தான் அப்படிப் பெயர் சூட்டினார்களோ, என்னவோ!

1970-களின் இறுதியில் இந்தச் சேவை நின்றது. பிறகு உள்நாட்டு யுத்தம் மூண்டது. பலாலி இராணுவத் தளமாயிற்று. அப்புறம் யாழ்ப்பாணத்தார் ஒருவர் விமானமேறிச் சென்னைக்கு வரவேண்டுமானால், முதலில் சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே 400 கிலோமீட்டர் போகவேண்டும். அதுவும் சாலை திறந்திருந்தால்தான். 1990-இல் அறுபட்ட ரயில் பாதையில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 2014 அக்டோபரில். கொழும்புக்கு வடக்கே கட்டுநாயக்காவில் விமானம் ஏறினால், அங்கிருந்து சென்னைக்கு 645 கிலோமீட்டர். ஆக, 220 மைலுக்குப் பதில் 650 மைல்!

இதிலுள்ள விசித்திரத்தையும் தேசப்படமே சொல்லும். கட்டுநாயக்காவையும் மீனம்பாக்கத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேயே போகிறது. இரவெல்லாம் கண்விழித்துத் தெற்கே போன மனிதர், மறுநாள் ஏறக்குறையத் தம் வீட்டுக் கூரைக்கு மேலாகவே வடக்கே திரும்புகிறார்! நாற்பது வருஷம் இப்படி நடந்ததை என்னவென்று சொல்வது?

2019 நவம்பரில் சென்னை விமானம் மீண்டும் பலாலியில் இறங்கியது. நான்கே மாதத்தில் கொரோனா அதையும் நிறுத்திவிட, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கிற்று. கரை மறைந்து கடலும் கடந்தபின், ஜன்னலுக்குக் கீழே பனைமரங்களும் செம்மண் தோட்டங்களும் தோன்றுகின்றன. 1990-இல் இந்தச் சுற்று வட்டாரத்திலிருந்து வெளியேறிய ஜனங்களின் காணிகளைக் கட்டங் கட்டமாகத்தான் விடுவித்து வருகிறார்கள். விமானம் இறங்கும் இடத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தங்கள் சொந்த மண்ணுக்குப் போக முடியாமல் காத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.