அந்தத் தரவு நண்பருடையதன்று

சென்ற வாரம் முதுகலைப் புள்ளியியல் மாணவர்களுக்கான பயிற்சி வகுப்பில் நம்பிக்கை இடைவெளியை விளக்க வேண்டியிருந்தது. பாடநூலில் உள்ள மின்விளக்கு ஆயுள் கணக்குகளில் எனக்கே சலிப்பு ஏற்பட்டிருந்ததால், இணையப் போக்கர் ஆட்டக்காரர் ஒருவரின் 41,000 ஆட்டப் பதிவுகளைத் திரையில் காட்டினேன். மாணவி ஒருவர் எழுந்து, "இவர் வைத்திருந்த கண்காணிப்பு மென்பொருள் இவருக்கு உதவியதா, கெடுத்ததா?" என்று கேட்டார். அடுத்தவர், "இது யாருடைய தரவு?" என்றார். இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொன்னேன்: "ஒரு நண்பருடையது." முதல் கேள்வியை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவைத்தேன்.

அந்தத் தரவு என்னுடையது. வகுப்பில் சொல்வதற்கு முன் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2020 ஜூன் மாதம். கொல்கத்தாவில் விடுதி ஏறக்குறைய வெறிச்சோடியிருந்தது. இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 31,000 ரூபாய்; அது எந்த மாதம் வரும் என்பது மட்டும் நிச்சயமில்லை. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் சூதாட்டத்தின் வரையறையிலிருந்து போக்கரை விலக்கியே வைத்திருந்தது. ஆகவே சட்டத்தின் உறுத்தலும் இல்லை. நிகழ்தகவு படித்தவனுக்கு இந்த ஆட்டம் எளிதாக இருக்கும் என்று நம்பினேன். ஆறு பேர் அமரும் மேசைகளில், பெரிய பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயம் 10 ரூபாயாக உள்ள இடத்தில் தொடங்கினேன். பதினான்கு மாதங்கள் ஆடினேன்.

மென்பொருள் செய்வது எளிய வேலை. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தவுடன் அதன் பதிவு உரைக்கோப்பாகக் கணினியில் சேரும். மென்பொருள் அதைப் படித்துத் தரவுத்தளத்தில் அடுக்கும். அடுத்த முறை அதே ஆட்டக்காரர் எதிரே அமரும்போது அவருடைய பெயருக்கு அருகே எண்களைக் காட்டும். கட்டாயம் இல்லாமலே எத்தனை விழுக்காடு ஆட்டங்களில் பணம் போட்டார், பொதுச் சீட்டுகள் திறக்கப்படும் முன் எத்தனை முறை பந்தயத்தை உயர்த்தினார், எதிராளி பந்தயம் கட்டினால் எத்தனை முறை விலகினார். முகம் தெரியாத ஆட்டத்தில் இது முகத்துக்கு மாற்று. நானோ எண்களைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவன்.

முதல் அடி அங்கேதான் விழுந்தது. ஓர் இரவு எதிரே இருந்தவருக்கு "பந்தயத்துக்கு விலகல்: 100" என்று பலகை காட்டியது. என் கையில் ஒன்றும் இல்லை. ஆயினும் பந்தயம் கட்டினேன், அவர் விலகவில்லை. அந்த நொடியிலேயே எண் பொய்த்துவிட்டது. நானோ எண்ணை விடுத்து அவரைத்தான் தவறாகக் கருதினேன். இன்னும் இருமுறை கட்டி, மேசையில் இருந்த 1,000 ரூபாயையும் இழந்தேன். பிறகே சுட்டியை அந்த எண்ணின்மேல் நகர்த்திப் பார்த்தேன். 3/3. மூன்று வாய்ப்புகளில் மூன்று முறை விலகியிருக்கிறார், அவ்வளவே. மூன்றுக்கு மூன்று என்ற மாதிரியிலிருந்து 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, அவருடைய உண்மையான விகிதம் 37க்குக் குறையாது என்பது மட்டுமே. இதைத் தேர்வில் கேட்டால் அரை நிமிடத்தில் எழுதியிருப்பேன். மேசையில் முடிவெடுக்க எனக்கு அதே அரை நிமிடம் இருந்தது, எழுதிப் பார்க்கவில்லை. பலகை எண்ணைப் பெரிதாகக் காட்டுகிறது. அந்த எண் எத்தனை நிகழ்வுகளின் மேல் நிற்கிறது என்பதைத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது அடி மெதுவாக விழுந்தது, அதனால் வலிக்கவில்லை. பதினான்கு மாத முடிவில் என் நிகர விளைவு, நூறு ஆட்டங்களுக்கு 3.1 பெரிய பிளைண்ட் இழப்பு. ரூபாயில் 12,710. ஆனால் மென்பொருளில் வேறொரு நிரலும் இருந்தது: ஒவ்வொரு பானையிலிருந்தும் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு, அதாவது ரேக். நான் செலுத்திய ரேக் நூறு ஆட்டங்களுக்கு 7 பிளைண்ட். மொத்தம் 28,700 ரூபாய். அதாவது எதிரே இருந்தவர்களிடம் நான் 15,990 ரூபாய் வென்றிருந்தேன். வென்ற பணம் முழுவதும், அதற்கு மேலும் 12,710 ரூபாயும், மேசையில் அமராத ஒருவருக்குப் போயிருந்தது. அந்த நிரலை மறைத்துவைக்கும் வசதியும் மென்பொருளில் உண்டு. முதல் மாதத்திலேயே மறைத்துவிட்டேன். எதிராளிகளின் பலவீனங்களைக் காட்டும் இருபது நிரல்களைத் திறந்து வைத்திருந்தவன், ஆட்டத்தை விட்டு எழு என்று சொன்ன ஒரே நிரலை மூடி வைத்திருந்தேன்.

சொல்லக் கூச்சப்படும் பகுதி இனிமேல்தான் வருகிறது. தோற்கிறேன் என்று தெரிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. அதற்குக் காரணம் அறியாமையன்று; என் படிப்பே காரணமாக இருந்தது. என் ஆட்டத்தின் திட்ட விலக்கம் நூறு ஆட்டங்களுக்குச் சுமார் 90 பிளைண்ட். 41,000 ஆட்டங்கள் என்பது 410 நூறுகள். ஆக, சராசரியின் திட்டப் பிழை 4.4. 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 11.8 இழப்பிலிருந்து 5.6 ஆதாயம் வரை நீள்கிறது; சுழியம் அதற்குள் அடங்குகிறது. "நான் தோற்பவன் என்பது நிறுவப்படவில்லை" என்று ஒவ்வோர் இரவும் எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கணக்கில் பிழை இல்லை. திட்டப் பிழையை ஒரு பிளைண்டாகக் குறைக்க எத்தனை ஆட்டங்கள் வேண்டும் என்றும் ஒரு நாள் கணக்கிட்டேன்: 8,10,000. என் வேகத்தில் 23 ஆண்டுகள். அதைக் கண்டு சிரித்துவிட்டு, மறுபடியும் நான்கு மேசைகளைத் திறந்தேன்.

சூதாடுபவனுக்கு எப்போதும் ஒரு சாக்கு தேவை. பிறருக்கு நல்ல நேரம், கெட்ட நேரம் இருந்தன. எனக்கு நம்பிக்கை இடைவெளி இருந்தது.

மென்பொருள் உதவவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். 2021 ஜூலையில் ஒரு பகற்பொழுது, எதிராளிகளை விட்டுவிட்டு என்னை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். நள்ளிரவுக்கு முன் 26,000 ஆட்டங்கள்: நூறுக்கு ஒரு பிளைண்ட் ஆதாயம். நள்ளிரவுக்குப் பின் 15,000 ஆட்டங்கள்: நூறுக்கு 10.2 இழப்பு. இந்த வேறுபாட்டையும் புள்ளியியல் சோதனை உறுதிசெய்யாது, மாதிரி போதாது. ஆனால் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது சோதனை எதுவும் தேவைப்படவில்லை. தோற்ற பணத்தை அன்றிரவே மீட்டுவிட வேண்டும் என்று தவித்த ஒருவன் அங்கே இருந்தான். நண்பகலில் கவிழ்த்துவிட்டு விலகியிருக்கக்கூடிய சீட்டுகளை அவன் இரவு இரண்டு மணிக்கு இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனை எனக்குக் காட்டியது அந்த மென்பொருள்தான். வேறு யாரும் அந்நேரத்தில் விழித்திருக்கவில்லை. அன்றோடு நிறுத்தினேன்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலகையில் அவருடைய எண்கள் 62, 8. அதாவது பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் பணம் போடுவார். அரிதாகவே பந்தயத்தை உயர்த்துவார். போக்கர் உலகம் இப்படிப்பட்டவரை மீன் என்று அழைக்கும். அவர் எந்த மேசையில் அமர்ந்தாலும் நானும் என்னைப் போன்றவர்களும் அங்கே போய்ச் சேர்ந்தோம். என்னிடம் அவருடைய 1,900 ஆட்டங்கள் உள்ளன. ஒரு நாளுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அவர் யார், எந்தப் பணத்தை இழந்தார் என்று எந்த நிரலும் சொல்லாது. திருக்குறளின் சூது அதிகாரம் மீனைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அங்கே தூண்டிலை விழுங்கும் மீன் தோற்றவன் அல்லன், வென்றவன். அவரிடம் வென்றதைத்தான் நான் ரேக்காகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

தளங்கள் சில இதைத் தம் கணக்கில் உணர்ந்தன. 2019இல் பார்ட்டி போக்கர் இத்தகைய பலகைகளைத் தடுத்து, ஆட்டக்காரர்களைப் புதுப் பெயர் சூட்டிக்கொள்ளச் செய்தது. போடாக் அதற்கு முன்பே பெயரற்ற மேசைகளை அமைத்திருந்தது. காரணம் கருணை மட்டுமே என்று நான் நினைக்கவில்லை. புதியவர்கள் விரைவாகத் தோற்று வெளியேறினால் மேசையில் எஞ்சுபவர்கள் எண் படித்தவர்கள் மட்டுமே. அவர்கள் ஒருவரையொருவர் வெல்ல முடியாமல் ரேக்கை மட்டும் கட்டிக்கொண்டிருப்பார்கள். தனி ஒருவருக்கு உதவுவது அனைவர் கையிலும் வந்ததும் அனைவரையும் கெடுக்கிறது.

ஆகவே மாணவியின் கேள்விக்கு என் பதில் இதுதான். ஆட்டம் நடக்கும்போது பிறர் தலைமேல் தொங்கிய எண்கள் என்னைக் கெடுத்தன. போதாத மாதிரியை அறிவு என்று நம்பச் செய்தன. ஆட்டம் முடிந்தபின் என்னைப் பற்றி அது வைத்திருந்த எண்கள் உதவின; ஆனால் அவற்றைத் திறந்து பார்க்க எனக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. இரண்டும் ஒரே தரவுத்தளம்தான்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்துவிட்டது. அந்தத் தளத்தில் இன்று எனக்குக் கணக்கு இல்லை. கோப்பு மட்டும் இருக்கிறது. அதை வகுப்புக்குக் கொண்டுபோனபோதும் இரண்டு நிரல்களை நீக்கிவிட்டுத்தான் கொண்டுபோனேன் என்பது நேற்றுத்தான் உறைத்தது: ரேக், ஆட்டம் நடந்த நேரம்.

வரும் புதன்கிழமை அவற்றைச் சேர்த்துவிட்டு, தரவு யாருடையது என்பதையும் சொல்லிவிட்டு, நம்பிக்கை இடைவெளியை மறுபடியும் முதலிலிருந்து நடத்தப்போகிறேன்.