ஒன்றுக்குள் ஒளிந்திருக்கும் 2.718

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுசெட்டிசத்திரம் அருகே இருக்கிறது திருப்புட்குழி. ராமாநுஜர் இளம்வயதில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்பது வைணவ மரபு. குருவின் விளக்கத்தில் மனம் ஒப்பாதபோது அதை வாய்விட்டுச் சொன்னவர் ராமாநுஜர். அந்தக் குருவே பின்னாளில் அவருக்குச் சிஷ்யரானார் என்கிறார்கள்.

அதே ஊரில் பிளஸ் டூ படிக்கும் நெசவாளர் மகள் ஒருத்திக்கு, வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்ட சந்தேகம் ஒன்று இருந்தது. 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1தானே? அப்புறம் ஏன் '1-இன் அடுக்கு முடிவிலி'க்கு நேரடி விடை கிடையாது என்கிறார்கள்?

தறியில் இருந்த அப்பாவிடம் கேட்டாள். "எனக்குத் தெரிஞ்சது வட்டிக் கணக்குதாம்மா" என்றார் அவர். அதுவே போதுமானதாக இருந்தது.

1 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 100 சதவிகிதம் என்றால், வருடக் கடைசியில் 2 ரூபாய். அரையாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்த்தால் 2.25. மாதாமாதம் சேர்த்தால் 2.61. தினமும் சேர்த்தால் 2.71. தவணை கூடக் கூட, பெருக்கும் எண் 1-ஐ நெருங்குகிறது. ஆனால், ஒருபோதும் 1 ஆவதில்லை. அந்தத் துளி மிச்சத்தைத்தான் அடுக்கு ஊதிப் பெருக்குகிறது. இந்த இழுபறியில் யார் ஜெயிப்பார்கள் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது.

அதற்குத்தான் மடக்கை. அது அடுக்கைக் கீழே இறக்கிப் பெருக்கலாக்கிவிடும். அதை log(1+x)/x என வகுத்தலாக எழுதினால், x பூஜ்யத்தை நெருங்கும்போது 0/0 வரும். மேலேயும் கீழேயும் தனித்தனியாக வகையிட்டால் 1/(1+x), எல்லை 1. பலர் இங்கேயே நிறுத்தி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். இந்த 1, விடையின் மடக்கைதான். மடக்கையை விலக்கினால் கிடைப்பது e, அதாவது சுமார் 2.718.

இந்த வட்டிக் கேள்வியை 1683-ல் ஆராய்ந்தவர் ஸ்விட்சர்லாந்தின் ஜேக்கப் பெர்னூலி. அவர் தம்பி யோஹான் பெர்னூலி சொல்லிக்கொடுத்த வகையிடும் விதி, 1696-ல் அவருடைய மாணவர் லோபிதாலின் புத்தகத்தில் வெளிவந்து, மாணவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது.

'ஒன்றுதானே?' என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். பாடமே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.