திகட்டட்டும், விடுங்கள்

மதுரையில் அல்வாவைத் தனியாகத் தின்னவிட மாட்டார்கள். சூடாக ஐம்பது கிராம் வாங்கி, கடை வாசலில் நின்றபடியே வழித்து வாயில் போடுகிறோம். நெய் தொண்டையில் இறங்கி, போதும் என்று நாக்கு சொல்லப்போகிற நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு கை மிக்சர் வரும். "திகட்டுதாண்ணே? இதக் கொஞ்சம் வாயில போடுங்க." கடலையும் காராபூந்தியும் நொறுங்கி உள்ளே போனதும் இனிப்பு தின்ற சுவடே வாயில் இருக்காது. இன்னொரு ஐம்பது சொல்லலாமா என்று தோன்றும்.

இனிப்புதான் ஆளைக் கெடுக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கென்னவோ, அந்த ஒரு கை மிக்சர்தான் முதல் குற்றவாளி என்று படுகிறது. அல்வாவை மட்டும் முன்னால் வைத்தால் கால் கிலோவை உட்கார்ந்து முடிக்கிறவர் அபூர்வம். சேவு மட்டும் வைத்தால் நாக்கு எரிந்து சீக்கிரமே கையை எடுத்துவிடுவோம். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் முடிவே வராது. பெண் பார்க்கும் வீட்டிலிருந்து அலுவலகத்துப் பணி ஓய்வு விழா வரை நம் உபசாரம் இனிப்பு, காரம், காபி என்ற வரிசையில்தான் நடக்கிறது. இனிப்பு சலிக்கும்போது காரம். காரம் எரியும்போது காபி. காபி கசந்ததும் ஒரு வில்லை மைசூர்பாகு. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதில்லை. போட்டிருந்தாலும் இதைவிடக் கச்சிதமாக வந்திருக்காது.

இங்கிலாந்தில் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1981-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சாண்ட்விச்தான் உணவு. உள்ளே ஒரே பொருள் வைத்துக் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, நான்கு விதமாக வைத்து மாற்றி மாற்றிக் கொடுத்தபோது ஆட்கள் மூன்றில் ஒரு பங்கு அதிகம் தின்றார்கள். வயிறு நிறைவது ஒரு கணக்கு, வாய் சலிப்பது வேறு கணக்கு. சலிப்பு அப்போது தின்றுகொண்டிருக்கும் சுவையின் மேல்தான் வருகிறது. தட்டில் அடுத்து இருக்கும் சுவை அப்போதுதான் வந்ததுபோல் புதிதாகவே இருக்கிறது. சாப்பாடு முடிந்து இலையை மூடப் போகிறவர் பாயசம் வருகிறது என்றதும் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான்.

மதுரைக்காரருக்கு இந்தச் சோதனை தினம் சாயங்காலம் நடக்கிறது. நாலு மணிக்கு வடைச்சட்டி அடுப்பில் ஏறும். கீரை வடையும் முள்ளுமுருங்கை அடையும் ஒரு பக்கம், சுசியம் இன்னொரு பக்கம். விளக்குத்தூண் பக்கம் போனால் சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று ஜிகர்தண்டா நிற்கிறது. வெயிலுக்கு அது, பனிக்குக் கருப்பட்டியும் சுக்கும் தட்டிப்போட்ட பருத்திப்பால். இதற்கு மேல் சுற்றுவட்டாரமும் வந்து சேர்கிறது. முன்பு சாத்தூர் என்றால் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய். ஊருக்கு ஒன்று, அந்த ஊருக்குப் போனால்தான் அது. பால்கோவாவுக்கு 2019-லும் கடலைமிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தாயிற்று. பண்டங்கள் என்னவோ எல்லாம் ஒரே மதுரைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. "எல்லாத்துலயும் நூறு நூறு போடுங்க" என்று சொல்ல எத்தனை நேரமாகும்?

மேலமாசி வீதி வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குக் காந்தி நினைவுக்கு வருகிறார். 1921 செப்டம்பர் 22 அன்று அந்தத் தெருவில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அரையாடைக்கு மாறினார். அந்த உடைத் துறவை ஊர் கொண்டாடுகிறது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1915-இல் ஹரித்துவார் கும்பமேளாவில் அவர் எடுத்த சாப்பாட்டு விரதத்தைப் பற்றி இங்கே பேச்சே காணோம். இருபத்துநாலு மணி நேரத்தில் ஐந்து பொருளுக்கு மேல் உண்பதில்லை. இருட்டியபின் உண்பதே இல்லை. உடம்பு முடியாவிட்டாலும் விலக்கில்லை. காரணம்தான் சுவாரசியம். கல்கத்தாவில் தங்கிய வீட்டில் அவர் பழமும் கொட்டையும்தான் சாப்பிடுவார் என்று தெரிந்து, கிடைத்த கொட்டை, உலர்பழம் அத்தனையையும் தேடி வாங்கி வீட்டுப் பெண்கள் விதவிதமாகச் செய்து பரப்பிவிட்டார்கள். எளிய உணவுக்காரருக்கே இந்த உபசாரம்! அவர் அளவில் கை வைக்கவில்லை, எண்ணிக்கையைக் குறைத்தார். ரோல்ஸின் சாண்ட்விச்சுக்கு அறுபத்தாறு வருஷம் முன்பு.

ஐந்தெல்லாம் எனக்கு ஆகாது. குழம்பில் விழும் சாமானை எண்ணினாலே தாண்டிவிடும். நொறுக்குத் தீனிக்கு மட்டும் ஒரு வேளைக்கு ஒரு பண்டம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அல்வா என்றால் அல்வா, திகட்டுகிற வரை. திகட்டியபின் மிக்சரும் இல்லை, காபியும் இல்லை; வெறும் தண்ணீர். பல்லைக் கடித்துக்கொண்டு மறுப்பதைவிட இது எனக்குச் சுலபமாக இருக்கிறது. தீபாவளிக்கு, பலகாரச் சீட்டுப் போட்ட பெட்டி வரும்போதுதான் சிக்கல். பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு டப்பா மட்டும் வெளியே. வீட்டில் கேலிதான்.

சர்க்கரை நோயாளிக்கு இந்த உபாயத்தை நான் சொல்லமாட்டேன். 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்கள் நூறு பேரில் பதினாலு பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களுக்குத் திகட்டும் அளவே அதிகம்தான். டாக்டர் சொல்கிற அளவுதான் அளவு.

பாக்கெட் தீனியிடமும் இந்த உபாயம் செல்லாது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்கவைத்து நடத்திய ஆய்வு 2019-இல் வந்தது. சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் சமமாக வைத்தும், ஆலையில் பதப்படுத்திய உணவு கிடைத்த இரு வாரங்களில் அவர்கள் மற்ற இரு வாரங்களைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள். மசாலா சிப்ஸில் உப்பு, புளிப்பு, காரம், ஒரு துளி இனிப்பு எல்லாம் ஒரே துண்டில் ஏறியிருக்கிறது. அது எங்கே திகட்டும்? அல்வாக் கடைக்காரர் மிக்சரைத் தனியாக நீட்டினார், மறுக்க ஒரு நொடி இருந்தது.

சொந்தக்காரர் வீட்டில்தான் என் சட்டம் தோற்கிறது. அதிரசம் மட்டும் போதும், முறுக்கு வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஏன்ப்பா, வயிறு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல சித்தி. ஒண்ணு போதும்."

"ஒண்ண மட்டும் தின்னா நெஞ்சக் கரிக்கும். இந்தா, இஞ்சி மொரப்பா. மருந்துதான், வாயில போடு."

இஞ்சியும் வெல்லமும் சேர்ந்த துண்டு. போட்டுக்கொண்டேன். முறுக்குத் தட்டு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து வந்தது.