செங்கல் நிற்கும் இடம்

மடிப்பாக்கத்தில் ஒரு குறுக்குத் தெரு. ஓட்டு வீடு இருந்த மனையில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. எதிரே டீக்கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்தால் சாரம் முழுவதும் கண்ணில் படும்.

கீழே ஓர் ஆள். மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் துண்டு. முதல் மாடிச் சாரப் பலகையில் ஓர் அம்மா. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, இடுப்பில் செருகிய முந்தானை. கீழிருந்து செங்கல் போகிறது, மேலே அடுக்காகிறது. இருவருக்கும் இடையில் ஒரு வார்த்தை கிடையாது. எறிபவர் குனிந்து எடுத்து, முழங்காலை லேசாக மடக்கி நிமிரும்போது கல் கையை விட்டுப் போயிருக்கும். அது சேர்ந்ததா என்று அவர் பார்ப்பதில்லை. அடுத்த கல்லுக்குக் குனிந்துவிடுகிறார்.

ஒரு செங்கல் கிட்டத்தட்ட மூன்று கிலோ இருக்கும். அத்தனை எடை பறந்து வந்தால் உள்ளங்கை கன்றிப்போகாதா என்று தெருவில் போகிறவர் நினைக்கலாம். கிளம்பும்போது விரைகிற கல் ஏற ஏறத் தளர்கிறது. அம்மாவின் மார்பு உயரத்தை எட்டியதும் ஏற்றம் முடிந்து, இறக்கம் தொடங்காத ஒரு கணம் வருகிறது. அந்தக் கணத்தில் கல்லுக்கு வேகமே இல்லை. சரியாக அங்கே இரண்டு உள்ளங்கைகள் இருக்கின்றன. நின்றுவிட்ட கல்லை அவர் எடுத்து வைக்கிறார், அவ்வளவுதான்.

ஏற்றம் இரண்டு மீட்டர் என்றால், கல் கைக்குக் கை போய்ச் சேர அரை விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசைக்கு உத்தரவு போய்ச் சேரவே அதில் கணிசமான பங்கு தீர்ந்துவிடும். கல்லைத் துரத்துகிற கைக்குக் கல் கிடைக்காது. அது எங்கே நிற்கப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிந்த கைக்குத்தான் கிடைக்கும். அந்த அம்மாவின் கைகள் ஒவ்வொரு முறையும் கல்லுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

பதினோரு மணிக்கு டீ வருகிறது. எவர்சில்வர் தூக்கு கைமாறிக் கைமாறிப் போகிறது. கலவை குழைத்துக்கொண்டிருந்த பையன் கடைசியாக ஓடி வந்து தூக்கை வெடுக்கென்று எடுக்கிறான். கை தோள்வரை எகிறுகிறது. மூடி கழன்று மணலில் உருள்கிறது.

“அப்பவே தீந்துபோச்சு தம்பி,” என்கிறார் சாரத்திலிருந்து இறங்கி வந்த அம்மா. எல்லோரும் சிரிக்கிறார்கள். பையனும் சிரிக்கிறான். அம்மா தன் டம்ளரில் பாதியை அவனுக்கு ஊற்றுகிறார்.

தூக்கைத் தொடும் முன்பே அவன் மூளை அதன் எடையை நிச்சயித்து, அதற்குத் தக்க விசையைத் தோளுக்கு அனுப்பிவிட்டது. டீ இல்லை என்ற சேதி விரலிலிருந்து திரும்புவதற்குள் கை மேலே போய்விட்டது. எடையைக் கையில் வாங்கியபின் மூளை கணக்குப் போடுவதில்லை, முன்னமே போட்டு வைக்கிறது. கணக்குத் தப்பும்போதுதான் அப்படியொன்று நடந்திருப்பதே வெளியே தெரிகிறது.

எதையும் தூக்காத வெறுங்கைக்கும் இந்தக் கணக்கு உண்டு. தோள் முதல் விரல் நுனிவரை ஒரு கையின் எடை, உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அறுபது கிலோ ஆளுக்கு மூன்று கிலோ. நெற்றி வியர்வையைத் துடைக்க அந்த அம்மா கையை உயர்த்தும்போதெல்லாம் ஒரு செங்கல்லின் எடையைத்தான் தூக்குகிறார்.

டீ குடித்துவிட்டு அவர் மறுபடி பலகை ஏறுகிறார். மேலே உள்ள கயிற்றைப் பற்றக் கை உயர்கிறது, பிறகு இறங்குகிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே அசைவு, திசைதான் வேறு. பிரான்சின் திஜோன் நகரில் பபக்ஸாந்திஸ், காவோ முதலிய ஆய்வாளர்கள் இத்தகைய அசைவுகளைப் பல ஆண்டுகளாக அளந்து வந்திருக்கிறார்கள். ஏறும் கை தன் உச்ச வேகத்தைச் சீக்கிரமே எட்டிவிடுகிறது. இறங்கும் கை அதைத் தாமதமாக எட்டுகிறது. பக்கவாட்டில் இடதும் வலதுமாக வீசினால் இந்த வேறுபாடு இல்லை.

காரணம் எளிது. ஏறும் கைக்குத் தொடக்கத்தில் ஓர் உந்து கொடுத்துவிட்டால் போதும். அதை நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதியைப் பூமி பார்த்துக்கொள்ளும். இறங்கும் கைக்கோ வேகம் கொடுக்கிற வேலை பூமியுடையது. அந்தச் சமயத்தில் கையைத் தாங்கும் தசைகள், வெறுமனே தூக்கிப் பிடிப்பதற்குத் தேவையான அளவுக்கும் கீழே தளர்ந்துவிடுகின்றன. ஈர்ப்பை மூளை ஈடுகட்டி ஒதுக்கிவிடுகிறது, ஆகவே எத்திசையிலும் அசைவு ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று ஒரு கருத்து வலுவாக நிலவியது. அளவைகள் வேறு கதை சொல்லின. மூளை ஈர்ப்போடு மல்லுக்கட்டுவதில்லை. வேலையில் ஒரு பங்கை அதனிடம் விட்டுவிட்டுத் தன் உழைப்பை மிச்சம் பிடிக்கிறது.

ஈர்ப்பே உணரப்படாத இடத்தில் என்ன ஆகும்? போர்தோ நகர விமான நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரு தனி விமானம், வானில் வளைவு வளைவாக ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் சுமார் 22 விநாடிகளுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு எடை தெரியாது. ஒரு பயணத்தில் 31 வளைவுகள். அங்கே கையை ஏற்றி இறக்கச் சொல்லி அளந்தார்கள். முதல் அசைவுகளில் ஏற்ற இறக்க வேறுபாடு அப்படியே இருந்தது. இல்லாத பூமியை நம்பியே கை நகர்ந்தது. பிறகு படிப்படியாக வேறுபாடு தேய்ந்து மறைந்தது. காவோவும் கூட்டாளிகளும் 2016-இல் இதை வெளியிட்டார்கள்.

ஆனால் விழும் பொருளைப் பற்றிய எதிர்பார்ப்பு அத்தனை சுலபமாக மாறுவதில்லை. 1998 ஏப்ரலில் கொலம்பியா விண்கலத்தில் நியூரோலேப் என்ற ஆய்வுப் பயணம் நடந்தது. விண்வெளி வீரர்கள், மேலிருந்து ஏவப்பட்ட பந்தைப் பிடிக்க வேண்டும். எடையற்ற அங்கே பந்து ஒரே சீரான வேகத்தில் வரும். அவர்களுடைய கைகளோ தேவையானதைவிடச் சீக்கிரமே இறுகித் தயாராகிவிட்டன. பந்து பூமியில் வேகம் கூடி விழுவதைப் போலவே விழும் என்று மூளை எண்ணிக்கொண்டது. கண் எதிரே சீராக வருவதைப் பார்த்தும், இரண்டு வாரம் அங்கேயே இருந்தும், அந்த எண்ணம் முழுதாக அகலவில்லை.

மதியத்துக்குமேல் கொத்தனார் மூலைச் சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறார். ஒரு கண்ணை மூடி, நூலையும் சுவரையும் பார்க்கிறார். கீழ் எது என்று சொல்ல அவருக்கு அந்தக் குண்டு. நமக்குக் காதுக்குள் ஒன்று. உட்செவியில் ஒரு கூழ்ப் படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் படிந்திருக்கின்றன, சுண்ணாம்புக் கல்லின் அதே பொருள்தான். தலை சாய்ந்தால் அவை சரிந்து, அடியில் உள்ள நுண்மயிர்களை வளைக்கும். கண்ணும் தசைகளும் தரும் சேதிகளோடு அதைச் சேர்த்துத்தான் மூளை கீழ்த்திசையைக் கணிக்கிறது.

வெயில் தாழ்கிறது. எறிபவரின் இடத்தில் இப்போது பையன் நிற்கிறான். முதல் கல் அம்மாவின் முழங்கால் உயரத்தோடு திரும்பிவிட, அவன் துள்ளி விலகுகிறான். அடுத்தது அவர் தலைக்கு மேலே போகிறது, எட்டிப் பிடித்துவிடுகிறார்.

“மெதுவா விடு தம்பி. ஏங் கையப் பாத்து விடு.”

சில கற்களுக்குப் பிறகு செங்கல் அவர் மார்பு உயரத்தில் வந்து நிற்கத் தொடங்குகிறது. எத்தனை விசை, என்ன கோணம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தோளுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அவனும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

ஆறு மணிக்கு மேஸ்திரி கூலி கொடுக்கிறார். கொத்தனாருக்கு ஒரு கூலி. சித்தாள்களுக்கு அதைவிடக் குறைவு. சித்தாளிலும் பெண் என்றால் இன்னும் குறைவு. கல் எறிவதும் பிடிப்பதும் திறன் தேவைப்படாத வேலை என்பதுதான் நம் கூலிக் கணக்கு. அரை விநாடிச் சொச்சத்துக்குள் ஒரு செங்கல் நிற்கும் இடத்தை அறிந்து அங்கே கையை வைக்கிறவருக்குத் திறன் இல்லை என்று சொல்கிற கணக்கு தப்பு. அதைத் திருத்தியாக வேண்டும்.