மலையுச்சிப் பாடல்

பாட்டைக் காதால் கேட்கிறோம், காட்சியைக் கண்ணால் காண்கிறோம் என்று பள்ளிப் பாடநூல் சொல்லும். தமிழ்நாட்டுத் திரைப்பாடல் அந்தப் பாடத்துக்குக் கட்டுப்படுவதில்லை. மலைக்கள்ளன் படத்திலே ஏமாற்றுவோரைப் பார்த்துக் கேள்வி தொடுக்கும் அந்தப் பாடல் எங்கேனும் ஒலிக்கட்டும். உடனே குதிரை வந்துவிடுகிறது, குதிரைமீது எம்.ஜி.ஆர். வந்துவிடுகிறார். பாடிய டி.எம்.சௌந்தரராசன் குதிரை ஏறவில்லை. குதிரை ஏறியவர் பாடவில்லை. இசையமைத்த எஸ்.எம்.சுப்பையா நாயுடு இந்த இருவரும் அல்லர். இத்தனை பேர் உழைப்பும் ஒன்றாகி 1954-லே ஒரு குதிரைக்காரன் வாயிலே குடியேறிற்று. இன்றுவரை வெளியேற மறுக்கிறது. அந்தக் கதையை எழுதியவர் எங்கள் மாவட்டத் தலைநகரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. திரைக்கு உரையாடல் தீட்டியவர் கலைஞர். கொல்லிமலையிலே ஆசிரியப் பணி புரியும் நமக்கு அதிலே ஒரு சிறு பெருமை உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

இது தமிழனுக்கு மட்டும் பிடித்த பித்து என்று எவரும் எள்ளி நகையாட வேண்டா. அமெரிக்க நாட்டிலே ஹெர்மன் ஹப்ஃபெல்டு என்பார் 1931-லே ஒரு மேடை நாடகத்துக்காகப் பாடல் ஒன்றை எழுதினார். பத்தாண்டுக்கு மேல் அது பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது. 1942-லே காசாபிளாங்கா என்னும் படத்தில், காதலனைப் பிரிந்துபோன ஒருத்தி பல காலம் கழித்து அவனுடைய விடுதிக்குள் வந்து, பியானோ வாசிப்பவரிடம் அந்தப் பழைய பாட்டைக் கேட்டாள். அன்றோடு நாடகத்தின் பெயர் மறந்துபோயிற்று; எழுதியவர் பெயரும் ஏறக்குறைய மறந்துபோயிற்று. அவளுடைய ததும்பும் கண்கள் மட்டும் பாட்டோடு நின்றன. நம்மிடையே புரட்சிக்கவிஞர் பாரதிதாசனின் பாட்டு ஒன்று, துயருற்ற நெஞ்சுக்கு இசையை மருந்தாகக் கேட்பது, ஏட்டிலே இருந்தது. அறிஞர் அண்ணாவின் ஓர் இரவு 1951-லே படமானபோது அது திரையேறிற்று. ஏட்டைத் தொட்டறியாதவர் நாவிலும் ஏறிற்று.

எப்படி இப்படி ஒட்டிக்கொண்டது? மாயமுமில்லை, மந்திரமுமில்லை. அன்று படம் பார்த்தவனுக்கு அதை வீட்டிலே மறுபடி காணக் கருவி இல்லை. கொட்டகையை விட்டு வெளியே வரும்போது அவன் கையிலே இருந்தது பாட்டுப் புத்தகம் ஒன்றுதான். கதையைப் பாதியிலே நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று அதிலே அச்சிட்டிருப்பார்கள். 1952-லே செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், திரைப்பாட்டு தரங்கெட்டது என்று கருதி இந்திய வானொலியின் கதவை ஏறக்குறையச் சாத்தினார். இலங்கை வானொலி தன் கதவை அகலத் திறந்தது. 1957-லே விவித பாரதி என்று ஒன்றைத் தொடங்கி, துரத்திய பாட்டைத் தாமே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று! ஆக, படத்தை ஒருமுறை பார்த்தவன் பாட்டை நூறுமுறை கேட்டான். நூறுமுறையும் அந்த ஒரு காட்சியைத் தன் மனத்திலே தானே ஓட்டிப் பார்த்தான். கிணற்றுக் கல்லிலே கயிறு பதித்த தடம்போல அது பதிந்துபோயிற்று.

இந்த ஒட்டுதலின் வலிமைக்கு 1965 பொங்கலன்று வெளிவந்த எங்க வீட்டுப் பிள்ளை ஒன்று போதாதா? வாலியின் சொல், விசுவநாதன் இராமமூர்த்தி இசை, சவுக்கு ஒன்று, படிக்கட்டு ஒன்று. அடங்கிக் கிடந்த தம்பியின் இடத்திலே அவனைப் போலவே இருக்கும் அடங்காதவன் வந்து நிற்கிறான். நம்பியாரின் சவுக்கு எம்.ஜி.ஆர். கைக்கு மாறிய அந்த நேரத்திலே, கொட்டகையில் இருந்த கூலிக்காரன் ஒவ்வொருவனின் தோளும் நிமிர்ந்தது. பாட்டு படத்தைவிட்டு இறங்கித் தேர்தல் மேடைக்கு வந்தது. ஏழைக்கு ஒரு கனவு கிடைத்ததிலே நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால், தோழர்களே, சவுக்கு என்னவோ கடைசிவரை ஒருவர் கையிலேயே இருந்தது. தட்டிய கைகளுக்கு அது வந்து சேரவில்லை. அதைக் காட்டிலும் நமக்கு உகந்தது அரசிளங்குமரியிலே ஒரு சிறுவனுக்குச் சொல்வதாக வரும் பாட்டு. பேய்க்கதையை நம்பாதே, உன் அறிவை நம்பு என்பதே அதன் சாரம். எழுதிய பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் 1959 அக்டோபர் 8 அன்று இருபத்தொன்பது வயதிலே மறைந்தார்; படம் 1961-லே வந்தது. முனி இருப்பதாகச் சொல்லப்படும் மரத்தைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டை நாம் பாடிக் காட்டியதுண்டு. இப்போது சிலர் அந்த மரத்தடியிலேயே நின்று அதை உரக்கப் பாடுகிறார்கள். பயம் முழுவதும் போய்விட்டதா, பயத்தை மறைக்கத்தான் பாடுகிறார்களா என்பது வேறு செய்தி.

இனி மலைக்கு வருவோம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவந்தால் எங்கள் ஊர்கள். மிளகும் காப்பியும் பலாவும் விளையும் சரிவுகள். அவற்றின் நடுவே தள்ளித் தள்ளிச் சிறு ஊர்கள். ஒருவர் வீட்டிலே மைக் செட் கட்டினால் எதிர்க்குன்றுக்குக் கேட்கும். எந்த ஊரிலே என்ன விசேடம் என்று அறியத் தாள் அச்சடிக்க வேண்டுவதில்லை, பாட்டே சொல்லிவிடும். பெண்ணுக்கு மணம் என்றால் பாசமலர் பாட்டு.

கண்ணதாசன் எழுதி எல்.ஆர்.ஈசுவரி பாடிய, தோழியர் மணமகளை அழைக்கும் அந்தப் பாடலை அறியாத தமிழர் உளரோ? 1961-லே வந்தது, அறுபதாண்டு கடந்தும் அது ஒலிக்காத திருமணம் அரிது. கேட்டவுடன் மணக்கோலத்தில் சாவித்திரி தோன்றுவார். ஆனால் அந்தப் படத்தின் மீதிக் கதை என்ன? அந்தத் திருமணத்துக்குப் பின்னே குடும்பம் பிளந்து, அண்ணன் நைந்து, தங்கை நைந்து, இருவரும் ஒருசேர மாள்வதுதான் கதை. பீம்சிங் படத்துக்குப் போனவர்கள் கைக்குட்டை நனையத் திரும்பினார்கள். அழுத அதே மக்கள், அந்த ஒரு காட்சியை மட்டும் கத்தரித்து எடுத்துத் தம் வீட்டு வாசலிலே மாட்டிக்கொண்டார்கள். இதிலே குற்றம் ஏதுமில்லை. பாட்டு அத்துணை இனிது.

சென்ற ஆண்டு தை மாதத்திலே ஒரு முற்பகல். பத்தாம் வகுப்புக்கு நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். சன்னல் வழியே அந்தப் பாட்டு வந்தது. வகுப்பிலே ஒருவரும் பேசவில்லை; எல்லாத் தலைகளும் இரண்டாம் வரிசையிலே காலியாக இருந்த ஓர் இடத்தை நோக்கித் திரும்பின. அந்த இடத்துக்கு உரியவளுக்கு வயது பதினைந்து.

மாலையிலே சென்றோம். தகப்பனார் கொடியவர் அல்லர். மிளகு காயவைத்துக்கொண்டிருந்த கையைத் துடைத்து, பாய் விரித்து உட்காரச் சொன்னார். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொன்னோம். பெண்ணுக்குப் பதினெட்டு நிரம்ப வேண்டும் என்று சொன்னோம். அவள் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்ன விடை இது: "பாட்டுப் போட்டாச்சுங்க டீச்சரம்மா. இனி நிறுத்துனா நாலு ஊரும் சிரிக்குமுங்க."

பொன் கொடுத்தாயிற்று என்று சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று என்றுகூடச் சொல்லவில்லை. பாட்டுப் போட்டாயிற்று! திரையிலே திருமணம் நடக்கிறது, அதற்காகப் பாட்டு வருகிறது. மலையிலே பாட்டு முதலில் வந்துவிடுகிறது. பிறகு அதற்காகத் திருமணம் நடந்தே தீர வேண்டியிருக்கிறது. காட்சியோடு பாட்டு ஒட்டிக்கொள்வதன் ஆற்றலை அன்றைக்கு நாம் கண்டதுபோல எந்த நூலிலும் கண்டதில்லை. இது மலைவாழ் மக்களின் அறியாமை என்று சமவெளியிலே இருப்பவர் உதட்டைப் பிதுக்க வேண்டா. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டோம் என்று அங்கே சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அதுவரை அடுப்பண்டையிலே இருந்த தாய் அப்போதுதான் வாய் திறந்தார். "எனக்கும் இதே பாட்டுத்தான் போட்டாங்க. அப்ப எனக்குப் பதினாலு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தகப்பனார் நெடுநேரம் மிளகைக் கிளறினார். பரீட்சை முடியட்டும் என்றார். அவ்வளவுதான் அன்று கிடைத்தது. திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வந்தாள், தேர்வு எழுதினாள், இப்போது பதினொன்றாம் வகுப்பிலே படிக்கிறாள். நிச்சயம் முறியவில்லை, தள்ளி நிற்கிறது.

இந்த மலைக்கு ஒரு பழங்கதை உண்டு. நற்றிணையும் குறுந்தொகையும் பாடும் கொல்லிப்பாவை: அழகே உருவான பெண் பாவை. அவள் சிரித்து மயக்கி, நெருங்கியவரைக் கொன்றுவிடுவாள் என்று பின்னாள் கதைகள் சொல்லும். மலைமேலே ஆள் இறந்தால் பழி பெண்ணின் சிரிப்புக்கு! பாறையிலே வழுக்கி விழுந்தவனும் இருந்திருப்பான். விலங்கு அடித்தவனும் இருந்திருப்பான். எல்லாருக்கும் சேர்த்து ஒரு பாவை. இதற்கு நேர் எதிரான கதை ஒன்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பினோம். தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாவட்டத்துச் சேலத்திலே, மாடர்ன் தியேட்டர்சார் 1950-லேயே அதைப் படமாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மந்திரி குமாரி. எழுதியவர் கலைஞர்; இயக்கியவர்கள் எல்லிஸ் ஆர்.டங்கன் என்னும் அமெரிக்கரும் டி.ஆர்.சுந்தரமும். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியிலிருந்து பிறந்த கதை. அந்தக் காப்பியத்தின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. கதை மட்டும் பிழைத்துக்கொண்டது. திரையிலே அமைச்சர் மகள் அமுதவல்லியாக மாதுரிதேவி; அவள் மணந்த பார்த்திபனாக எஸ்.ஏ.நடராசன். இராசகுருவின் மகன், மறைவிலே கொள்ளைக்காரன். உண்மையை அவள் அறிந்துகொண்டாள் என்பதால் அவளை ஒழிக்க எண்ணி, உல்லாசமாக உலவி வரலாம் என்று மலைக்கு அழைத்துச் செல்கிறான். அப்போது வரும் பாட்டுத்தான் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது, இசை ஜி.இராமநாதன்.

அந்தப் பாட்டைத் தனியே கேட்டுப் பாருங்கள். எத்துணைக் குழைவு! எத்துணைக் கனிவு! காதலன் காதலியை அழைக்கிறான் என்றுதான் தோன்றும். காட்சியோடு கேளுங்கள்: அதே குழைவு முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும். பாதை ஏற ஏறப் பாட்டு இனிக்கிறது. பாட்டு இனிக்க இனிக்கப் பள்ளம் நெருங்குகிறது. உச்சியிலே அவன் தன் எண்ணத்தைச் சொல்கிறான். அவள் அழவில்லை, தெய்வத்தைக் கூப்பிடவில்லை. சாகுமுன் கணவனை மூன்றுமுறை வலம்வர வேண்டும் என்று கேட்கிறாள். பதியை வலம்வருவது பத்தினிக்கு அழகு என்று அவளுக்குக் கற்பித்தவர்கள் கற்பித்ததையே கருவியாக்கி, அவன் பின்னால் வந்த நொடியிலே தள்ளிவிடுகிறாள். கணவன் எது செய்தாலும் பொறுத்தவளைக் கற்புக்கரசி என்று கொண்டாடிய திரையிலே இப்படியும் ஒருத்தி!

கைப்பேசியில் டவர் கிடைக்கும் மேட்டிலே, பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியைக் காட்டினோம். முடிந்ததும் ஒருத்தி கேட்டாள்: "அவன் திருடன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே ஏன் விசாரிக்கல டீச்சர்?" நாம் விடை சொல்லுமுன் பின்னாலிருந்து இன்னொருத்தி சொன்னாள்: "விசாரிக்க விட்டிருப்பாங்களா?" அதன்பிறகு அரைமணி நேரம் நாம் பேச வேண்டியிருக்கவில்லை. அவர்களே பேசினார்கள்.

ஆண்டு விழாவிலே அந்தக் காட்சியை நடித்துக் காட்டுவது என்று முடிவாயிற்று. மைக் செட்காரரிடம் பாட்டு இருக்கிறதா என்று கேட்கச் சென்றோம். மலையிலே நடக்கும் திருமணங்களில் பாதிக்கு மேல் அவர் கட்டிய ஒலிபெருக்கிதான். "இருக்குங்க. ஆனா நான் போடுறதில்லீங்க. விசேசத்துல போட்டா அடிக்க வருவாங்க, அபசகுனம். புருசன் பொண்டாட்டிய மலையிலிருந்து தள்ளுற பாட்டுங்க அது" என்றார்.

"தள்ளுனது அவதான், அண்ணா!" என்று நம்மோடு வந்த மாணவிகள் நால்வரும் ஒரே குரலாகக் கூவினார்கள்.

"அப்படியா?" என்றார் அவர். விழாவன்று பாட்டைப் போட்டுவிட்டு, கருவியைப் பையனிடம் ஒப்படைத்து, முன்வரிசையிலே வந்து அமர்ந்தார். மலைக்குப் பதிலாக இரண்டு மேசைகளை அடுக்கியிருந்தோம். பார்த்திபனாக வந்தவள் கீழே விரித்த வைக்கோலிலே விழுந்து, கைதட்டல் அடங்கும்வரை எழுந்திருக்காமல் கிடந்தாள்.